'எபிக் ஃபெயில்' – பொருளும் வழக்கும்



பந்தைக் கோட்டை விட்டாலும் விடையைத் தவறாகச் சொன்னாலும் 'எபிக் ஃபெயில்' என்று மாணவர்கள் கைகொட்டிச் சிரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இந்த ஆங்கிலக் கொச்சைத் தொடரின் பொருளை நாம் அறிந்திருத்தல் நலம்.

'எபிக்' என்பது காப்பியத்தைக் குறிக்கும் சொல். கிரேக்க மூலத்தினின்று வந்தது. கொச்சை வழக்கில் 'மாபெரும்' என்று பொருள்படும். 'ஃபெயில்' பெரும்பாலும் வினைச்சொல். அதற்குரிய பெயர்ச்சொல் 'ஃபெயிலியர்'. கொச்சை வழக்கோ வினையையே பெயராக்கிவிட்டது. 1998இல் வெளிவந்த 'பிளேசிங் ஸ்டார்' என்னும் ஜப்பானிய விளையாட்டில், தோற்றவருக்குப் பிழையான ஆங்கிலத்தில் காட்டப்பட்ட அறிவிப்பே இவ்வழக்கிற்கு வித்து என்பர். நகைப்புக்குரிய படுதோல்வி என்பதே இத்தொடரின் பொருள். கருகிய கேக்கைக் காட்டித் தன்னைத் தானே கேலி செய்துகொள்ள ஏற்றது. கட்டுரையில் எழுத ஏற்றதன்று. முயன்று தோற்ற பிள்ளையைச் சுட்டவும் ஏற்றதன்று.

நம் காப்பியங்களில் தோற்றவர்கள் நகைப்புக்கு உரியவர்கள் அல்லர். இராவணனையும் கர்ணனையும் இன்றும் மதிப்போடுதான் பேசுகிறோம்.

தமிழிலும் 'மண்ணைக் கவ்வினான்' என்னும் ஏளனம் உண்டே எனலாம். உண்மைதான். ஆயினும் அது நடந்து முடிந்த ஒரு செயலைச் சொல்கிறது. 'அவன் ஒரு ஃபெயில்' என்பதோ ஆளுக்கே பெயர் சூட்டிவிடுகிறது. செயல் முடிந்துவிடும்; பெயர் ஒட்டிக்கொள்ளும். என் கவலை இதுதான்.

மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலைகளைக் குறிக்கிறோம். பதிவேட்டில் நாம் எழுதாத 'தோல்வி'யை, பிள்ளைகள் ஒருவர்மீது ஒருவர் எழுதிவிடுகிறார்கள். வீட்டில் பெரியவர்களும் 'கணக்கில் பெயிலா?' என்றே கேட்கிறோம். 'இன்னும் தேர்ச்சி பெறவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். அந்த 'இன்னும்' ஒரு வழியைத் திறந்து வைக்கிறது.

இத்தொடரைத் தடை செய்வதால் பயனில்லை. தடுத்தால் திடலில் ஒலிக்கும். மாறாக, மாணவர் அதைச் சொல்லும்போது, 'எதில் தவறினான்? எப்படித் திருத்தலாம்?' என்று அவரையே கேளுங்கள். சிரித்தவரே நண்பனுக்கு உதவும் நிலை வரும். ஆசிரியர் வகுப்பிலும் பெற்றோர் வீட்டிலும் இக்கேள்வியைப் பழக்கப்படுத்துவோமாக.