சர்ச்சுக்குப் போகாத கிறிஸ்தவர்கள்: குறைந்தது விசுவாசமா, சபை மீதான நம்பிக்கையா?

ஞாயிறு காலை ஊரிலிருந்து அம்மாவின் போன். "கோயிலுக்குப் போனியா?" "இல்லம்மா, ரூம்லயே ஜெபம் பண்ணிட்டேன்." அடுத்த பத்து நிமிடத்துக்கு அட்வைஸ் மழை.

வெளியூரில் வேலை பார்க்கும் பல கிறிஸ்தவ இளைஞர்களுக்கு இது பழகிப்போன உரையாடல். இவர்கள் நாத்திகர்கள் இல்லை. போனில் பைபிள் ஆப் இருக்கிறது, ஒரு கஷ்டம் என்றால் ஜெபம்தான். ஆனால் சந்தா, கமிட்டி, திருமண்டலத் தேர்தல், அதற்குப் பிறகு கோர்ட் கேஸ், எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் சாதி... 'இதெல்லாம் வேண்டாம், இயேசு போதும்' என்கிறார்கள். சபையோ இவர்களுக்குப் 'பின்மாற்றக்காரர்' என்று பெயர் வைத்துவிடுகிறது. அது நியாயமா?

இது புதுசா?

இல்லவே இல்லை. 1857-லேயே நாசரேத் வட்டாரத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனரிகளின் சபையை விட்டு வெளியேறினார். நாடார் சமூகத்தைப் பற்றி கால்டுவெல் 1849-ல் எழுதிய புத்தகம் அந்தக் கோபத்துக்கு ஒரு முக்கியக் காரணம். வெளியேறியவர் இயேசுவை விடவில்லை. சனிக்கிழமை ஓய்வுநாளோடு தனிச் சபையே தொடங்கினார்.

1938-ல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தபோது, சென்னையைச் சேர்ந்த பி.செஞ்சையா, வி.சக்கரை உள்ளிட்டோர் ஒரு நூலை வெளியிட்டார்கள். சபை என்ற நிறுவனத்தை மையத்தில் வைப்பதையே கேள்வி கேட்ட நூல் அது. பிறகு 1991-ல் லூத்தரன் மிஷனரி ஹெர்பர்ட் ஹோஃபர், தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெறாமலேயே இயேசுவை வழிபடுபவர்களைப் பற்றி 'சர்ச்லெஸ் கிறிஸ்டியானிட்டி' என்ற ஆய்வு நூலை எழுதினார். குடும்பத்தை விட்டு வர முடியாமல், வீட்டுக்குள்ளேயே ஜெபிக்கும் பெண்களும் அதில் உண்டு.

எல்லோருக்கும் இது 'சாய்ஸ்' இல்லை

ஐ.டி. ஊழியருக்கு சர்ச் வேண்டாம் என்பது ஒரு மனநிலை. ஒரு தலித் விசுவாசிக்கு அது வாழ்வாதாரப் பிரச்சினை. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த புதுச்சேரி வழக்கு ஒன்றில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. ஞானஸ்நானம் பெற்று, தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஒருவர் வேலைக்காகத் தன்னை இந்து என்று சொல்லி பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது ஞானஸ்நானப் பதிவும் ஞாயிறு வருகையும் ஒருவருக்கு எதிரான சாட்சியமாகவே மாறலாம். மதம் மாறினாலும் சாதி விடுவதில்லை, சலுகை மட்டும் போய்விடுகிறது. இந்த நிலையில் ஒருவர் சபைப் பதிவேட்டில் பெயர் எழுதத் தயங்கினால், அவருடைய விசுவாசத்தைச் சந்தேகிக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

கல்யாணமும் கல்லறையும்

அதே நேரம், 'இயேசு போதும், சபை வேண்டாம்' என்பவர்களும் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். ஜெபத்துக்கு யாரும் தேவையில்லை. ஆனால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆள் வேண்டும்.

கல்யாணத்துக்குச் சட்டத்தில் வழி உண்டு. 1872-ம் ஆண்டு கிறிஸ்தவ திருமணச் சட்டத்தின் கீழ் போதகர் இல்லாமல் திருமணப் பதிவாளர் முன்பும் மணம் முடிக்கலாம். 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டமும் இருக்கிறது, அதற்கு 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். சிக்கல் கல்லறையில்தான். பல சபைகளில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டால் முதலில் பார்ப்பது உறுப்பினர் பதிவும் சந்தா பாக்கியும்தான். வாழும்போது சபையே வேண்டாம் என்று இருந்தவருக்காக, துக்க வீட்டில் பிள்ளைகள் போதகர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் யூடியூப் பிரசங்கியார் கஞ்சி கொண்டு வரமாட்டார். பக்கத்துத் தெரு சபைக்காரர்தான் வருவார். சட்டாம்பிள்ளையும் ஒரு சபையை விட்டதும் இன்னொரு சபையைத்தானே கட்டினார்? அமைப்பு வேண்டாம் என்றாலும் மனிதர்கள் வேண்டியிருக்கிறது. வீட்டில் நாலு பேர் கூடி ஜெபித்தாலும் போதும், ஆனால் அந்த நாலு பேராவது வேண்டும்.

யார் மாற வேண்டும்?

போகாதவர்களைத் திட்டுவது சுலபம். ஏன் போனார்கள் என்று கேட்பதுதான் கஷ்டம். காணிக்கைக் கணக்கைச் சபை நடுவே வைக்கலாம், தேர்தல் சண்டையை நிறுத்தலாம், கல்லறையில்கூட சாதி பார்ப்பதை விடலாம். இது எதற்கும் நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கேட்டு 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானமே போட்டிருக்கிறது. சபைகளும் அதே சத்தத்தோடு கேட்கட்டும்.

குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். இறந்தவரின் உடலை வைத்துக்கொண்டு சந்தா ரசீது கேட்பதை நிறுத்தலாம். சர்ச்சுக்கு வராத பிள்ளைகள் திரும்பிப் பார்க்க அதுவே ஒரு காரணமாக இருக்கும்.