டக் டக் டக்... போதுமே!

படமே இல்லாமல் எழுத்தாலேயே ஓடும் கதை விளையாட்டு செய்யும் நண்பர்களே, ஒரு வேண்டுகோள். டைப்ரைட்டரில் அடிப்பது போல எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழும் எஃபெக்டைப் போடும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

1976-ல் வில் க்ரௌதர் 'அட்வென்ச்சர்' எழுதிய காலத்தில் காகிதத்தில் அடிக்கும் டெலிடைப்புகள் இருந்தன. மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். அது அழகுக்காக இல்லை, மெஷினால் முடிந்தது அவ்வளவுதான்!

இன்று நாமே வேண்டுமென்று மெதுவாக்குகிறோம். எழுத்துக்கு 40 மில்லிசெகண்ட் என்றால் 1,000 எழுத்துள்ள பக்கத்துக்கு 40 நொடி. முதல் தடவை ரசிக்கலாம். சாவியைத் தேடி அதே அறைக்கு ஐந்தாவது தடவை வருகிறவன் என்ன பாவம் செய்தான்? ஸ்க்ரீன் ரீடர் வைத்துப் படிப்பவர்களுக்கோ வாக்கியமே உடைந்து போகலாம்.

தமிழில் இன்னொரு தொல்லை. யூனிகோடில் புள்ளி தனிக்குறி. அதனால் 'க்' வருவதற்கு முன் 'க' எட்டிப் பார்க்கும். 'தமிழ்' என்ற சொல்லே 'தம', 'தமிழ' என்று தடுமாறித்தான் வரும். முழு எழுத்தாகப் பிரித்துக் காட்டினால்தான் சரியாகும்.

அப்போ வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. கதைக்குள் தந்தி வருகிறதா, பழைய கம்ப்யூட்டர் பேசுகிறதா, அந்த இரண்டு வரிக்குப் போடுங்கள். ட்வைனின் சுகர்கியூபில் இதற்கென்றே மேக்ரோ உண்டு, ஸ்கிப் பட்டனும் வைக்கலாம். மற்றபடி, படிக்கும் வேகம் படிப்பவர் உரிமை. என்ன சொல்றீங்க?