பதிலாள் நின்ற மெஷின்

2025 ஜூலை 22 அன்று பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் காலமானபோது அவருடைய ‘பிளாக் சப்பாத்’ குழுவின் கதை மறுபடி எல்லா இடங்களிலும் ஓடியது. அதில் தவறாமல் வந்த ஒரு செய்தி: கிட்டார் வாசித்த டோனி அயோமிக்குப் பதினேழு வயதில் தொழிற்சாலையில் விரல்நுனிகள் போயின, அந்த விபத்திலிருந்துதான் ஹெவி மெட்டல் என்ற இசையே பிறந்தது. விபத்தை ஒரு வரம் மாதிரி எழுதுகிறார்கள். 34 ஆண்டுகள் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் நின்றவன் நான். அதை எத்தனை முறை படித்தாலும் என் மனம் ஒப்பவில்லை.

என் வலது கை மோதிர விரலில் மேல் கணு கிடையாது. 1988இல் அம்பத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் போனது. அன்று அந்த பவர் பிரஸ்ஸில் நிற்க வேண்டியவர் வேலைக்கு வரவில்லை. நான் டிரில்லிங் மெஷினில் இருந்தேன். “இன்னிக்கு ஒரு நாள் நீ பார்த்துக்கோப்பா” என்றார் சூப்பர்வைசர். காலால் மிதித்தால் இறங்குகிற மெஷின். ஷீட் கோணலாக உட்கார்ந்திருந்தது. சரிசெய்யக் கையை உள்ளே விட்டேன். கால் மிதியின் மேலேயே இருந்திருக்கிறது.

பிளாக் சப்பாத் என்ற பெயரை நான் கேள்விப்பட்டதே 2019இல்தான். நைட் ஷிப்டில் ஐ.டி.ஐ. முடித்து வந்திருந்த ஒரு பையன் காதில் இயர்போனோடு மெஷின் முன்னால் நின்றான். பிடுங்கி வைத்துக்கொண்டு திட்டினேன். விடியற்காலை கேன்டீனில் டீ குடிக்கும்போது, “அப்படி என்னப்பா கேக்குறே?” என்றேன். போட்டுக் காட்டினான். பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம், முதல் பாட்டு.

மழைச் சத்தம். தொலைவில் ஒரு மணி. பிறகு கிட்டாரில் மூன்றே ஸ்வரங்கள், மிக மெதுவாக. நான் எங்கள் தெரு பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவன். வீட்டுக்கு வந்து கட்டைகளில் தேடிப் பார்த்தேன். கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் சாத்தானின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட இடைவெளி அது. நம் கல்யாணியில் அதே மத்தியமம் எவ்வளவு குளிர்ச்சியாக ஒலிக்கிறது! இவர்களோ மற்ற ஸ்வரங்களையெல்லாம் எடுத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் அதிர அதிர நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அதில் பேயோ பிசாசோ கேட்கவில்லை. கனமான ஒன்று மேலே போய், அரை நொடி நின்று, இறங்குவது கேட்டது.

அதன்பிறகுதான் அந்தக் கிட்டாரை வாசித்த அயோமியைப் பற்றித் தேடிப் படித்தேன். 1965, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரம். அயோமி ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். அன்று அவருக்குக் கடைசி நாள். ஒரு குழுவோடு ஐரோப்பாவுக்கு வாசிக்கப் போக வேலையை விட்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவே நினைக்கவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தார். வந்தால், அவருக்குத் தகடு வளைத்துக் கொடுக்கிற ஆள் அன்று வரவில்லை. அந்த மெஷினில் இவரை நிறுத்தினார்கள். முன்பின் பழகாத மெஷின். ஆட்டம் கண்ட கால்மிதி. வலது கை நடுவிரலும் மோதிர விரலும் மாட்டின. பதறிக் கையை இழுத்தார். நுனிகள் பிய்ந்து போயின.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வராத ஆள், பதிலுக்கு நின்றவன், கால்மிதி. இருபத்து மூன்று வருட இடைவெளியில், கடல் தாண்டி, எதுவும் மாறவில்லை. ஆபத்தான இயந்திரப் பாகத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று அன்றைக்கே சட்டம் இருந்தது. அங்கே 1961ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. இங்கே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு.

அயோமி இடது கைக்காரர். கிட்டார் தந்தியை அழுத்துகிற கை அவருக்கு வலது கை. இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சோர்ந்து கிடந்தவரைப் பார்க்கத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். அயோமிக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. வற்புறுத்திக் கேட்கவைத்துவிட்டு, வாசிப்பவர் இரண்டு விரல்களை வைத்துத்தான் இவ்வளவும் வாசிக்கிறார் என்றார். வாசித்தவர் ஜாங்கோ ரெயின்ஹார்ட். 1928இல் வண்டி வீட்டில் பிடித்த தீயில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போனவர். எனக்கு விரல் போன பட்டறையிலிருந்து என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அதனால் அந்த மேலாளர் படியேறி வந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்து அயோமி செய்தது பட்டறைக்காரன் வேலை. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சால்டரிங் அயர்னால் துளை போட்டார். விரலில் உட்காரும்வரை உப்புத்தாளால் தேய்த்தார். தந்தியில் வழுக்கியதால் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டினார். அழுத்தினால் வலித்தது, மெல்லிய கிட்டார் தந்தி அப்போது கடையில் கிடைக்காது. பான்ஜோ தந்தியை வாங்கி மாட்டினார். உறை மாட்டிய அந்த விரல்களுக்குத் தந்தி படுவதே தெரியாது, காதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். ஃபிட்டர் வேலை தெரிந்த யாரும் இந்த இடத்தில் அவருக்குக் கை கொடுப்பார்கள்.

ஆல்பம் உருவான கதையைப் பலரும் வியப்போடு சொல்வார்கள்: 1969 அக்டோபர் 16, லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோ, ஒரே நாள், ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின். மேடையில் வாசிக்கிற மாதிரியே நேராக வாசித்துப் பதிந்தார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் அயோமியின் ஃபெண்டர் கிட்டார் பழுதானது. மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி.யை எடுத்து மீதியை முடித்தார். மழையும் மணியும் பிறகு சேர்த்தவை. மறுநாளே குழு சுவிட்சர்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டது.

எனக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் வியப்பில்லை. பிரஸ்ஸில் மாட்டும் அச்சான டையைச் செய்ய மாதங்கள் ஆகும். அதில் ஒரு ஜாப் விழ ஒரு நொடி. நான்கு பேரும் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள். ஆஸி இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர், பாஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லர் கணக்கு அலுவலகத்தில் இருந்தவர். ஊர் ஊராக வாசித்து அந்தப் பாட்டுகள் ஏற்கெனவே கையில் ஏறியிருந்தன.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். பிரிட்டனில் 8ஆவது இடம். அமெரிக்காவில் 23 வரை ஏறி ஓராண்டுக்கு மேல் பட்டியலில் நின்றது, பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அடுத்த ஆல்பம் ‘பேரனாய்ட்’ பிரிட்டனில் முதலிடம்.

என் வாதம் இதுதான். விபத்து அந்த ஆல்பத்தைச் செய்யவில்லை. விபத்துக்கு முன்பே அயோமி ஐரோப்பாவுக்கு அழைக்கப்பட்ட கிட்டார் கலைஞர். மெஷின் அதைப் பறிக்கப் பார்த்தது. ஓர் இசைத்தட்டும், உருகிய பாட்டிலும், மூன்று நண்பர்களும், விடாத ஒருவரும் சேர்ந்து மீட்டார்கள். பர்மிங்ஹாமில் விரல் இழந்த மற்றவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எவரெவர் ஏதோ ஒரு கருவியை வாசித்துக்கொண்டிருந்தார்களோ? இழப்பு இசையைத் தருமென்றால் எங்கள் தொழிற்பேட்டை முழுக்க இசை கேட்டிருக்க வேண்டும். 2025 ஜூலை 5 அன்று வில்லா பார்க் மைதானத்தில், 77 வயதில், அயோமி கடைசியாக ஆஸியோடு வாசித்த காட்சியைப் பார்த்தேன். கேமரா அருகே போனபோது அந்த இரண்டு உறைகளும் தெரிந்தன. அறுபது ஆண்டு. கண் கலங்கிவிட்டது.

ஓய்வுபெற்ற பிறகு சிறிய பட்டறைகளில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். அந்த முதல் பாட்டை இரண்டு நிமிடம் போட்டுவிட்டு, வாசித்தவரின் கதையைச் சொல்வேன். அண்மையில் ஒரு பட்டறையில் அப்படிச் சொல்லி முடித்ததும், பின்வரிசையில் இருந்த பையன் எழுந்தான். “ஐயா, மூணாம் நம்பர் பிரஸ்ஸில் இன்னிக்கு நான் வேற ஆளுக்குப் பதிலாத்தான் நிக்கறேன்” என்றான். எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டிய பட்டன்களின் ஒயரைக் கழற்றிவிட்டு, கால்மிதியை மாட்டியிருந்தார்கள். எலெக்ட்ரீஷியன் வர மாலை நாலு மணி ஆனது. அதுவரை அந்த மெஷினை ஓட்டவில்லை.