சொல்லும் பொருளும்: ‘சார்ஜ்’

வெளியூர்களில் வாழும் நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘சார்ஜ்’ ஒன்று. கைப்பேசிக்குச் சார்ஜ், ஆட்டோவுக்குச் சார்ஜ், புதிய அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொள்கிறார், போலீசார் லத்தி சார்ஜ் செய்கின்றனர், வழக்கில் சார்ஜ் ஷீட் தாக்கலாகிறது. ஒரே சொல் இத்துணைப் பொருள்களை எங்ஙனம் தாங்கிற்று?

இதன் மூலம், வண்டியைக் குறிக்கும் ‘கார்ருஸ்’ என்னும் இலத்தீன் சொல். அதனின்றும் ‘வண்டியிற் பாரம் ஏற்றுதல்’ என்ற வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. பாரம் என்ற கருத்தைப் பற்றிக்கொண்டால் ஏனையவை விளங்கும். பணத்தின் பாரம் கட்டணம். பணியின் பாரம் பொறுப்பு. பழியின் பாரம் குற்றச்சாட்டு. துப்பாக்கியில் மருந்தேற்றுதலுக்கு வழங்கிய இச்சொல், 18-ஆம் நூற்றாண்டில் மின்சாரத்திற்கும் வந்தது.

நம் மொழியும் இவ்வழியே சென்றிருப்பது வியப்பிற்குரியது. ‘பொறு’ என்றால் தாங்குதல்; அதனின்று ‘பொறுப்பு’. குற்றத்தைச் ‘சுமத்துகிறோம்’, மின்கலத்தில் மின்னை ‘ஏற்றுகிறோம்’. இந்தியிலும் அலுவற் பொறுப்பு ‘கார்யபார்’ எனப்படும். அதன் பிற்பகுதி நாம் அறிந்த ‘பாரம்’ அன்றோ? வடபுலத்தில் பயிலும் நம் சிறார்க்கு இம்மூன்றையும் ஒருங்கே சொல்லிக்கொடுத்தல் எளிது.

சட்டத்தில் மட்டும் மிகுந்த விழிப்பு வேண்டும். சார்ஜ் ஷீட் என்பது புலனாய்வு முடித்த போலீசார் நீதிமன்றத்திற்கு அளிக்கும் அறிக்கை. அதனை ஆராய்ந்து நீதிமன்றம் வனையும் குற்றச்சாட்டே ‘சார்ஜ்’. இரண்டும் தீர்ப்பு ஆகா. ஆதலின், சார்ஜ் ஷீட் வந்த அளவில் ஒருவரைக் குற்றவாளி என்று பேசுதல் அறமன்று.

கிரயப் பத்திரத்தில் வரும் ‘சார்ஜ்’ வேறு. அங்கே அது கட்டணத்தைக் குறிப்பதன்று. அடமானம் அன்றியே, பிறருக்குச் சேரவேண்டிய பணத்திற்கு ஒரு சொத்து ஈடாக நிற்பதை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100-ஆம் பிரிவில், இப்பெயரால் வழங்குகிறது. விலை முழுதும் பெறுமுன் உரிமையை மாற்றிக் கொடுத்தவர்க்கு, பாக்கிக்காக அச்சொத்தின்மேல் இவ்வுரிமை உண்டு. இது சட்டத்தாலேயே எழுவதாகலின், வில்லங்கச் சான்றில் காணப்படாமலும் இருக்கலாம்.

சொந்த ஊரில் வீடோ மனையோ வாங்க நினைக்கும் அன்பர்கள், முந்தைய விலை முழுதும் தீர்ந்ததற்கான ரசீதைக் கேட்டுப் பார்த்த பின்னரே கையொப்பமிடுதல் நலம். ஒருவர் இறக்கிவைக்காத பாரம் அடுத்தவர் தலையில் ஏறிவிடக் கூடும்.