தொப்புள்கொடி இரத்தம் சொல்லும் சேதி: மருத்துவமனை அழைத்தால் தள்ளிப்போடக் கூடாது

அரசாங்க மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். நம்மவர்களில் பலர் அதை 'ஜி6பிடி' சோதனை என்று மட்டுமே அறிந்திருக்கிறார்கள். அதே இரத்தத்தில் தைராய்டும் சோதிக்கப்படுகிறது. சுகாதார அமைச்சு 1998 அக்டோபரில் தொடங்கிய திட்டம் இது.

பிறவியிலேயே தைராய்டு சுரப்பி வேலை செய்யாத குழந்தைகள், உலக அளவில், ஏறக்குறைய 2,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் சிகிச்சை தாமதமானால் மூளை வளர்ச்சி குன்றிவிடும். இழந்ததைப் பிறகு எந்த மருந்தும் முழுமையாகத் திருப்பித் தராது. பிறந்த இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்குவதே நல்லது.

சிக்கல் என்னவென்றால், குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கருவிலிருந்தபோது தாயிடமிருந்து வந்த ஹார்மோன் சில நாள் காப்பாற்றும். நீடிக்கும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, பால் குடிக்கச் சோம்பல் எல்லாம் மெதுவாகத்தான் வரும். "பிள்ளை சமத்தா தூங்குது" என்று பாட்டி மகிழ்வதுகூட அறிகுறியாக இருக்கலாம்.

சோதனை முடிவு சந்தேகமாக இருந்தால் மருத்துவமனை பெற்றோரை அழைக்கும். சங்கிலியின் மெலிந்த கண்ணி இங்கேதான். தோட்டத்தில் லயத்து வீடுகள் இருந்த காலத்தில், தோட்டத்து டிரசர் கேட்டால் இன்னார் வீடு என்று யாராவது கைகாட்டிவிடுவார்கள். இன்று சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் ஈப்போவின் அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் சிதறியிருக்கின்றன. கணவர் இரவு ஷிப்ட். ப்ரீபேய்ட் எண் மாறியிருக்கும். பிள்ளை பெற்றவள் அம்மா வீட்டுக்கு வேறு ஊர் போயிருப்பாள். தெரியாத எண் என்றாலே மோசடிக்காரன் என்று துண்டிக்கும் காலம் வேறு. பிரசவத்துக்குச் சேரும்போதே அப்பா, அம்மா, பாட்டி என இரண்டு மூன்று எண்களையும், பிரசவத்துக்குப் பிறகு தங்கப்போகும் முகவரியையும் கொடுத்துவிடுவது நல்லது.

"உப்பில் அயோடின் போடுகிறார்களே, பிறகு ஏன் இந்த நோய்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 20 கிலோவும் அதற்குக் குறைவுமான பொட்டலங்களில் விற்கும் சமையல் உப்பில், கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் அயோடின் சேர்ப்பது கட்டாயம். பொட்டலத்தில் 'காரம் பெரியோடின்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். டப்பாவை மூடி வைப்பதும், அடுப்பை அணைக்கும் நேரத்தில் உப்புப் போடுவதும் அயோடின் வீணாகாமல் காக்கும்.

ஆனால் இது தாயின் குறைபாட்டைத் தடுக்கும் வழி மட்டுமே. சுரப்பியே இல்லாமலோ, இடம் மாறியோ பிறந்த குழந்தைக்கு எவ்வளவு அயோடினும் உதவாது. நிரந்தரப் பாதிப்புள்ளவர்களில் பெரும்பாலோர் அந்த வகைதான். அதற்காகத் தாய் தன் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. மாமியாரும் சொல்லக் கூடாது.

மருந்து எளியது: தைராக்சின் மாத்திரையைப் பொடித்து, சிறிது தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கலந்து, தினமும் ஒரே நேரத்தில் கரண்டியால் கொடுப்பது. முழு பாட்டில் பாலில் கலந்தால், பிள்ளை மிச்சம் வைக்கும்போது மருந்தும் மிச்சமாகிவிடும். சோயா பால், இரும்புச் சத்து, கால்சியம் மருந்துகள் அதை உடலில் சேரவிடாமல் தடுக்கும். இடைவெளி விட வேண்டும். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதே என்று சிலருக்கு நிறுத்தத் தோன்றும். ஓடியாடுவதே அந்த மாத்திரையால்தான். மூன்று வயதை ஒட்டி, உண்மையிலேயே நிறுத்த முடியுமா என்று மருத்துவரே சோதித்துப் பார்ப்பார். அதுவரை ஒரு வேளையும் விடக் கூடாது.