புரியாத தாளுக்குக் கையெழுத்தா?



பிரட்டுக்களத்தில் நிற்கும் நமக்கு அமெரிக்காவின் பேஸ்போல் விளையாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். அந்த மைதானத்தில் ஓடுகிறவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். அவருக்கும் தொழிற்சங்கம் இருக்கிறது. அங்கே பெரிய அணிகளில் ஆடுபவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, கியூபா என்று ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகம். பலர் பதினாறு, பதினேழு வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர்கள்.

2005இல் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கியவரின் பெயரை வெளியிட்டுத் தண்டிக்கும் முறை வந்தது. முதலில் தண்டனை பெற்றவர் கியூபாவில் பிறந்த அலெக்ஸ் சான்செஸ். 10 நாள் தடை. கடையில் சாதாரணமாக விற்கும் சத்துப் பொருளைத்தான் சாப்பிட்டேன் என்றார் அவர். பின்னர் முதல் தவறுக்கான தண்டனை 50 ஆட்டங்களாகி, 2014இல் 80 ஆனது. அந்த நாட்களுக்குச் சம்பளமும் இல்லை. தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் மட்டும் போதாது, அதை அவரே நிரூபிக்க வேண்டும்.

தெரிந்தே ஊசி போட்டவரை விட்டுவிடச் சொல்லவில்லை. ஏமாற்றுகிறவர், நேர்மையாக ஆடும் சக தொழிலாளியின் வயிற்றில்தான் அடிக்கிறார். ஆனால் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்க முடியாதவருக்கும், விசாரணையில் தன் பக்கத்தைத் தன் மொழியில் சொல்ல முடியாதவருக்கும் அதே தண்டனை நியாயமா?

ஸ்பானிய மொழியில் தாள் கொடுத்தாயிற்றே என்பார்கள். தாள் மட்டும் போதாது, சந்தேகம் கேட்க ஆளும் வேண்டும். 2012இல் ரயன் பிரவுன் என்ற அமெரிக்க வீரரின் 50 ஆட்டத் தடை நீக்கப்பட்டது. மாதிரியை அனுப்பிய முறையில் விதி மீறப்பட்டதை அவர் தரப்பு காட்டியது. அவர் மருந்து எடுத்ததை அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டது வேறு கதை. விதியை வாசித்து வாதாடத் தெரிந்தவருக்கு ஒரு வழி திறந்தது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

புவேர்ட்டோ ரிக்கோ வீரர் கார்லோஸ் பெல்ட்ரான் போன்றோர் குரல் கொடுத்த பிறகே, 2016இல் 30 அணிகளும் முழுநேர ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை வைத்திருக்க வேண்டும் என்று சங்கமும் நிர்வாகமும் உடன்பட்டன. கீழ்மட்ட அணிகளின் இளைஞர்களுக்கோ பரிசோதனை 2001இலேயே வந்துவிட்டது. அவர்கள் சங்கத்தில் சேர்ந்தது 2022இல். இருபது வருடங்களுக்கு மேல், பேச ஆளில்லாமலே விதிக்குக் கட்டுப்பட்டார்கள்.

நமக்கு இது புதிய கதையல்ல. 1987இலேயே தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாயிற்று. இன்றும் லயத்துக்கு வந்த சிங்களக் கடிதத்தை என் வகுப்புப் பிள்ளைகள் கையில் எடுத்துவந்து, "சேர், அம்மா வாசிச்சுச் சொல்லச் சொன்னாங்க" என்று நிற்கிறார்கள். சில வேளை, பதில் கொடுக்க வேண்டிய திகதி அதற்குள் கடந்திருக்கும்.

புரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் தரும்படி கேளுங்கள். விசாரணைக்குத் தனியாகப் போகாமல் தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்பது நம் உரிமை.