குட்டிப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல்: உட்கார வைக்கும் முன் எதைப் பார்க்கணும்? கோலார் தங்கவயலுக்கு ஒரு கணக்கு

அதிகாலையில் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில், பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களால் நிரம்பிவிடும். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு இந்த ரயிலை நம்பித்தான் ஓடுகிறது. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 100 கி.மீ. அப்பா, அம்மா திரும்பி வர இரவாகிவிடும். அதுவரை இரண்டு வயசு, மூணு வயசுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் ஆயாவும் தாத்தாவும்தான். இல்லாவிட்டால் ஸ்கூல் விட்டு வரும் அக்கா.

பிள்ளை அழுதால் அவர்கள் கையில் இருக்கும் முதல் மருந்து ஊஞ்சல். வெளியே என்றால் பூங்கா, வீட்டுக்குள் என்றால் உத்திரத்தில் கட்டிய சேலை. ஊஞ்சலில் உட்காரப் போகிறது 12 கிலோ பிள்ளை. தூக்கி உட்கார வைக்கப் போவது முட்டி வலியுள்ள 60 வயசுப் பாட்டி. இந்த இருவருக்கும் ஏற்ற மாதிரி நம் ஊர் ஊஞ்சல்கள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

பாதுகாப்பான ஊஞ்சல் என்றதும் பளபளப்பான பெயின்ட்டையும் கெட்டியான இரும்புக் கம்பியையும் நினைக்கிறோம். ஆனால் ஆபத்தைத் தீர்மானிப்பவை நான்கு: இருக்கை, உயரம், கீழே இருக்கும் தரை, தினசரிச் சோதனை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் போதாதா?

வீட்டுக்கு வாங்கும் ஊஞ்சல் என்றால், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு உத்தரவு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஊஞ்சல், சறுக்குமரம் போன்றவற்றுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 9873, பகுதி 4. பெட்டியில் இருக்கும் உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டு, அது உண்மையானதா என்று நீங்களே பார்க்கலாம்.

சிக்கல் எங்கே வருகிறது? இந்தப் பகுதி 4, வீட்டு உபயோகத்துக்கான ஊஞ்சல்களுக்கு மட்டும்தான். பூங்காவிலும் பள்ளியிலும் வைக்கும் ஊஞ்சல் இதற்குள் வராது. வீட்டில் ஒரு பிள்ளை ஆடும் ஊஞ்சலைவிட, ஒரு நாளைக்கு நூறு பேர் ஆடும் பூங்கா ஊஞ்சல் அதிகம் தேயும். ஆனால் கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்து முத்திரையைத் தேடுகிற மாதிரி பூங்காவில் தேட முடியாது. அங்கே என்ன வைக்க வேண்டும் என்பதை டெண்டரில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் முடிவு செய்கிறது.

ஐரோப்பாவில் பொது விளையாட்டுக் கருவிகளுக்கு இஎன் 1176 என்று தனித் தரமே இருக்கிறது. அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு கையேடு போட்டிருக்கிறது. கீழே வரும் அளவுகள் பெரும்பாலும் அந்தக் கையேட்டில் இருப்பவை. ஒரு இஞ்ச் டேப் இருந்தால் நீங்களே அளந்து பார்த்துவிடலாம்.

இருக்கை: பலகை ஏன் வேண்டாம்?

ஒரு சின்னக் கணக்கு. 2 மீட்டர் நீளத்தில் தொங்கும் ஊஞ்சலை 60 டிகிரி வரை இழுத்து விட்டால், அது கீழே வரும்போது வேகம் மணிக்குச் சுமார் 16 கி.மீ. யாருமே உட்காராத வெறும் 3 கிலோ பலகை அந்த வேகத்தில் வந்தால்? அதே பலகையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தலையில் போடுவதற்குச் சமம். குட்டிப் பிள்ளையின் தலை சரியாக அந்தப் பலகையின் உயரத்தில்தான் இருக்கும். அதனால்தான் மரப் பலகை, இரும்புத் தகடு இரண்டையுமே தவிர்க்கச் சொல்கிறார்கள். ரப்பர் அல்லது பிளாஸ்டிக்கில், எடை குறைந்த இருக்கை போதும்.

நான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தட்டையான இருக்கையே ஆகாது. அவர்களால் சங்கிலியைத் தொடர்ந்து பிடித்திருக்க முடியாது. ஈ வந்தால் கையை விட்டுவிடுவார்கள். கால் நுழைய இரண்டு ஓட்டையுடன், நாலு பக்கமும் சுற்றி வளைத்த வாளி மாதிரியான இருக்கைதான் அவர்களுக்கு.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, இடைவெளி. இருக்கையிலோ சட்டத்திலோ மூன்றரை அங்குலத்துக்கு மேல், 9 அங்குலத்துக்குக் கீழ் எந்தச் சந்தும் இருக்கக் கூடாது. உடம்பு நுழைந்து, தலை மட்டும் மாட்டிக்கொள்ளும் அளவு அதுதான். சங்கிலிக் கண்ணி 8.6 மி.மீ.-க்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது என்கிறது ஐரோப்பியத் தரம். காரணம் பிஞ்சு விரல்.

உயரம்: பாட்டிக்கும் சேர்த்து யோசிக்கணும்

வாளி இருக்கையின் அடிப்பக்கம் தரையிலிருந்து குறைந்தது 24 அங்குலம், அதாவது 2 அடி உயரத்தில் இருக்க வேண்டும். பெரிய பிள்ளைகளின் ஊஞ்சலுக்கு 12 அங்குலம் போதும். குட்டிப் பிள்ளைக்கு எதற்கு அதிக உயரம்? அந்த உயரத்தில் இருந்தால் பிள்ளையால் தானாக ஏற முடியாது. பெரியவர் பக்கத்தில் இல்லாமல் ஊஞ்சல் ஆடாது.

இதில் பாட்டிக்கும் ஒரு லாபம் உண்டு. இருக்கை தாழ இருந்தால் குனிந்து, பிள்ளையின் எடையை இடுப்பில் வாங்க வேண்டும். 2 அடி உயரத்தில் இருந்தால் நிமிர்ந்தபடியே இறக்கிவிடலாம். ஆனால் கால் ஓட்டை குறுகலாக இருந்தால், ஏற்றும்போதும் இறக்கும்போதும் பிள்ளையின் கால் சிக்கும். பாட்டி ஒரு கையால் ஊஞ்சலையும் மறு கையால் பிள்ளையையும் பிடித்துத் தடுமாறுவார். முன்பக்கம் திறந்து மூடும் கம்பி வைத்த இருக்கை என்றால் வேலை சுலபம். ஒரே நிபந்தனை, அந்தக் கொக்கி பிள்ளையின் கைக்குத் திறக்கக் கூடாது. டெண்டர் எழுதுகிறவர்கள் இதை ஒரு பாட்டியிடம் கேட்டு எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மேலே மாட்டும் இடத்தின் உயரம் சுமார் 4 அடியிலிருந்து 8 அடிக்குள் இருக்கலாம். குறைவாக வைப்பதே நல்லது. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

எவ்வளவு இடம் வேணும்?

நினைப்பதைவிட அதிகம். 6 அடி உயரத்தில் மாட்டிய வாளி ஊஞ்சல் என்று வைத்துக்கொள்வோம். இருக்கையின் அடி 2 அடி உயரத்தில் இருக்கிறது. மாட்டும் இடத்துக்கும் இருக்கைக்கும் நடுவே 4 அடி. அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, காலியாக இருக்க வேண்டும். மொத்தம் 16 அடி.

பெரிய பிள்ளைகளின் ஊஞ்சலுக்குக் கணக்கு வேறு. தரையிலிருந்து மாட்டும் இடம் வரை உள்ள முழு உயரத்தைப்போல இரண்டு மடங்கு விட வேண்டும். 8 அடி உயரம் என்றால் முன்னும் பின்னும் 16 அடி, மொத்தம் 32 அடி. இரண்டுக்குமே பக்கவாட்டில் 6 அடி தேவை.

மதில் சுவர், சிமென்ட் பெஞ்ச், நடைபாதை எதுவும் இந்த இடத்துக்குள் வரக் கூடாது. ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் வேண்டாம். குட்டிப் பிள்ளைகளின் வாளி ஊஞ்சலும் பெரிய பிள்ளைகளின் ஊஞ்சலும் ஒரே சட்டத்தில் தொங்கவே கூடாது.

தரை: சரி, மணல் கொட்டினா போதுமா?

ஊஞ்சலில் பெரிய காயம் வருவது பெரும்பாலும் விழும் இடத்தில்தான். சிமென்ட், இன்டர்லாக் கல், தார் எதுவும் ஊஞ்சலுக்குக் கீழே கூடாது. இறுகிப்போன மண்ணும் புல்லும்கூட பாதுகாப்பான தரை இல்லை என்கிறது அமெரிக்கக் கையேடு. கால் பட்டுப் பட்டு, ஒரு மாதத்தில் புல் போய்க் கட்டாந்தரை ஆகிவிடும்.

மணல் நல்லது. ஆனால் 9 அங்குல மணல், 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத்தான் தாங்கும் என்று அந்தக் கையேடு சொல்கிறது. ஊஞ்சலில் விழும் உயரத்தை மேலே மாட்டும் இடத்திலிருந்து கணக்கிடுவார்கள். ஆக, 8 அடி ஊஞ்சலுக்கு 9 அங்குல மணல் போதாது. ஊஞ்சலைத் தாழ்வாக மாட்டினால் தரைக்கு ஆகும் செலவு குறையும். நகரசபைக்கு இதைவிடச் சுலபமான சிக்கனம் கிடையாது. மரச் சில்லு 9 அங்குலம் போட்டால் 10 அடி வரை தாங்கும். மணலோ சில்லோ, மிதிபட்டு அமுங்கும் என்பதால் முதலில் 12 அங்குலமாவது கொட்ட வேண்டும்.

ஐரோப்பிய அளவு கொஞ்சம் தாராளம். ஆனால் அது, களிமண்ணும் தூளும் கலக்காத, 0.2 முதல் 2 மி.மீ. வரையிலான மணலுக்குத்தான் பொருந்தும்.

இங்கேதான் தங்கவயலுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் மணல் மேடு தெரியும். சயனைடு மேடுகள் என்று ஊரே சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய கழிவு அது, சுமார் 3.3 கோடி டன். இந்த 13 மேடுகளையும் மறுபடி தோண்ட, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இலவசமாகக் கிடைக்கிறது, பார்க்கவும் மணல் மாதிரி இருக்கிறது என்று அதை ஊஞ்சலுக்குக் கீழே கொட்டிவிடாதீர்கள். காரணங்கள் இரண்டு. ஒன்று, பாறையை மாவாக அரைத்த தூள் அது. நனைந்து காய்ந்தால் இறுகிவிடும், அடி தாங்காது. காய்ந்தால் காற்றில் பறக்கும். இரண்டு, ரசாயனத்தில் ஊறிய, கந்தகக் கனிமங்கள் கலந்த கழிவு அது. இரண்டு வயசுப் பிள்ளை, விழுந்து எழுந்ததும் கையை எங்கே கொண்டுபோகும்? வாய்க்குத்தான். ஆற்று மணலோ, கழுவிய எம்-சாண்டோ எங்கிருந்து வந்தது என்பதை ரசீதோடு கேட்க வேண்டிய ஊர் இது.

வீட்டில் சேலை ஊஞ்சல் கட்டலாமா?

கைக்குழந்தைக்குத் தூளி கட்டுவது நம் வழக்கம். ஆபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகு வருகிறது. பிள்ளை வளர்ந்து, அதே சேலையை அக்காவோ அண்ணனோ ஊஞ்சலாக்கி, முறுக்கிச் சுற்றும்போது. சேலை ஊஞ்சலில் கழுத்து இறுகிக் குழந்தை இறந்த செய்தி தமிழ்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. கழுத்து இறுகினால் சில விநாடிகளில் மயக்கம் வந்துவிடும். கத்த முடியாது. அடுப்படியில் இருப்பவருக்குச் சத்தமே கேட்காது.

- பிள்ளை தானாக எழுந்து உட்கார ஆரம்பித்ததும் தூளியை நிறுத்துங்கள்.
- தூங்கி எழுந்ததும் சேலையை அவிழ்த்து வைத்துவிடுங்கள். தொங்கவிட்டுப் போகாதீர்கள்.
- ஒரே முடிச்சில் தொங்கும் துணி சுழலும். ஊஞ்சல் என்றால் இரண்டு தனி இடத்தில் மாட்டியதாக இருக்க வேண்டும்.
- பெரிய பிள்ளையிடம் தம்பியைப் பார்த்துக்கச் சொல்லிவிட்டுப் போவதைக் காவலாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

உத்திரத்தையும் பாருங்கள். லைன் வீடுகளில் பல, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். 60 டிகிரி வரை ஆடும் ஊஞ்சல், கீழே வரும் நொடியில் உட்கார்ந்தவரின் எடையைப்போல இரண்டு மடங்கு இழுக்கும். 90 டிகிரி என்றால் மூன்று மடங்கு. 15 கிலோ பிள்ளை 45 கிலோ ஆகிவிடும். ஆனால் ஊஞ்சலில் பிள்ளை மட்டுமா உட்காரும்? 60 கிலோ சித்தி ஆசைப்பட்டு ஆடினால் 180 கிலோ. கொக்கியை அந்தக் கணக்குக்குத்தான் வாங்க வேண்டும்.

யார் சோதிக்கணும்?

2024 செப்டம்பரில் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மாநகராட்சி விளையாட்டுத் திடலின் இரும்பு கேட் சரிந்து விழுந்து ஒரு சிறுவன் இறந்தான். கேட் ஆனாலும் ஊஞ்சல் ஆனாலும் பாடம் ஒன்றுதான். வைத்த அன்று உறுதியாக இருந்தது, இன்றும் உறுதியாக இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்.

இதைத் தங்கவயலுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃபில் 3 கி.மீ.-க்கும் ஆழத்தில் வேலை செய்த ஊர் இது. மனுஷனை இறக்கும் கேஜின் கயிறும் சங்கிலியும் கொக்கியும் சோதிக்காமல் ஷிப்ட் இறங்காது. உங்கள் தாத்தா சுரங்கத்தில் இருந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். அவரை இறக்கிய கயிற்றுக்கு ஒரு பதிவேடு இருந்திருக்கும். பேரப்பிள்ளை ஆடும் சங்கிலிக்கும் ஒன்று கேட்பதில் தப்பில்லை.

10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் நகரசபையிடம் கேட்கலாம். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். பதில் தர 30 நாள். இந்த நான்கு கேள்விகள் போதும்:

1. எங்கள் வார்டு பூங்கா ஊஞ்சலை எந்தத் தரத்தின்படி வாங்கினீர்கள்?
2. கீழே போட்ட தரை என்ன, எத்தனை அங்குலம், மணல் எங்கிருந்து வந்தது?
3. கடைசியாகச் சோதித்த தேதி என்ன?
4. பராமரிப்புப் பொறுப்பு எந்த அதிகாரிக்கு, எந்த ஒப்பந்ததாரருக்கு?

பதில் வரும்வரை, பிள்ளையை உட்கார வைக்கும் முன் ஒரு நிமிஷம் செலவழியுங்கள். இருக்கையில் கை வையுங்கள், வெயிலில் சுடுகிறதா? சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து உங்கள் எடையைப் போட்டு இழுங்கள், கிறீச்சென்கிறதா? கொக்கியின் வாய் திறந்திருக்கிறதா, உள்பக்கம் தேய்ந்திருக்கிறதா? கீழே கல்லோ கண்ணாடித் துண்டோ கிடக்கிறதா? ஒன்றுக்கு 'ஆமா' என்றாலும் அன்றைக்கு ஊஞ்சல் வேண்டாம். சறுக்குமரத்துக்குப் போங்கள். போகும் முன் ஒரு போட்டோ எடுத்து, தேதியோடு வார்டு உறுப்பினருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள்.